சென்ட்ரல் பார்க்: பாறை, பறவை, சிலை மூன்றையும் ஒரே நாளில் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் 843 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கிறது சென்ட்ரல் பார்க். தெற்கே 59ஆவது தெரு, வடக்கே 110ஆவது தெரு, கிழக்கே ஐந்தாவது அவென்யூ, மேற்கே சென்ட்ரல் பார்க் வெஸ்ட் என்பன எல்லைகள். நீளம் 4 கிலோமீட்டர், அகலம் சுமார் 800 மீட்டர். வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர் தென்முனையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, ஒரு பாலத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பூங்காவின் சிறந்த பகுதிகள் பலவும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

இந்தப் பூங்காவைப் பற்றி முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே காடு போலத் தெரிவது நட்டு வளர்த்த காடு. ஏரிகள் மனிதர்கள் தோண்டியவை. ஓடைகளில் ஓடுவது நகரின் குடிநீர்க் குழாயிலிருந்து வரும் தண்ணீர். 1858ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் இருவரின் வரைபடம்தான் இவை எல்லாவற்றுக்கும் மூலம். அவர்களுக்கு முன்பே இங்கு இருந்து, இன்றும் அப்படியே இருப்பது பாறை. அதனால்தான் இந்த வழிகாட்டி பாறையில் தொடங்குகிறது. பாறையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மனிதர்கள் அதைச் சுற்றி என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பது தானாகவே புலப்படத் தொடங்கும்.

முன்னேற்பாடு

நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 6 மணி முதல் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை பூங்கா திறந்திருக்கும். பறவைகளுக்காக வருகிறீர்கள் என்றால் ஏப்ரல் இறுதி முதல் மே நடுப்பகுதி வரையிலான மூன்று வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த நல்ல காலம் செப்டம்பரும் அக்டோபரும். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் பாறைகள் தெளிவாகத் தெரியும், நீர்ப்பறவைகளும் மிகுதியாக இருக்கும். சிலைகளை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் எந்த மாதமும் சரிதான்.

நல்ல காலணியும் ஒரு பைனாகுலரும் போதும். தெற்கிலிருந்து வடக்கே நேர்க்கோட்டில் போனால் 4 கிலோமீட்டர்தான். ஆனால் இங்கே எந்தப் பாதையும் நேராகப் போவதில்லை. நடை இரு மடங்காகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வழி தவறினால் விளக்குக்கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் அருகிலுள்ள தெருவைக் குறிக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் நீங்கள் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். இரட்டைப்படையானால் கிழக்குப் பக்கத்தில். 7204 என்றிருந்தால் 72ஆவது தெருவையொட்டி, கிழக்குப் பக்கம் என்று பொருள். நூறாவது தெருவைத் தாண்டியபின் முதலில் வரும் 1 விடுபட்டுவிடும். 06 என்று தொடங்கினால் அது 106ஆவது தெரு. செல்பேசியின் வரைபடம் குழம்பிப்போகும் ராம்பிள் காட்டுக்குள் இந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

படி 1: அம்பயர் பாறை

59ஆவது தெரு கொலம்பஸ் சர்க்கிள் நிலையத்தில் இறங்கி, தென்மேற்கு மூலையில் நுழையுங்கள். ஹெக்‌ஷர் விளையாட்டுத் திடலையொட்டி, 62, 63ஆவது தெருக்களின் நேர்க்கோட்டில், ஒரு பெரிய கரும்பாறை மேடு இருக்கிறது. குழந்தைகள் ஏறி இறங்கும் இடமாதலால் பெரியவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

அதன்மேல் ஏறி, குனிந்து பாருங்கள். வெயில் பட்டதும் பாறை முழுவதும் பொடிப்பொடியாக மினுங்கும். அது காக்காப்பொன். மன்ஹாட்டன் ஷிஸ்ட் எனப்படும் இந்தப் பாறை, சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியது. கடலடியில் படிந்த சேறாக இருந்ததுதான் இப்படித் தகடு தகடாக இறுகியிருக்கிறது.

அடுத்து, பாறையின் முதுகில் நீளமாக ஓடும் பள்ளக்கோடுகளைத் தேடுங்கள். சில, கையை வைத்துத் தடவிக்கொண்டே நடக்கும் அளவுக்கு அகலமானவை. கடைசிப் பனியூழியில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன் கொண்ட பனிப்பாளம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இந்தத் தீவின்மீது நகர்ந்தது. அதன் அடியில் உறைந்து ஒட்டியிருந்த கற்கள் உளிபோல இந்தப் பாறையைக் கீறிக்கொண்டே போயின. கோடுகள் எல்லாம் ஒரே திசையில் இருப்பதற்குக் காரணம் அதுதான். பனி ஏறி வந்த வடபுறம் வழவழப்பாகச் சரிந்திருக்கும். இறங்கிப்போன தென்புறம், பனி கல்லைப் பிய்த்துக்கொண்டு போனதால், செங்குத்தாக முறிந்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டால், பூங்காவில் எந்தப் பாறையைப் பார்த்தாலும் திசை சொல்லிவிடலாம். சுற்றுப்புறப் பாறையோடு பொருந்தாமல் தனியாக உட்கார்ந்திருக்கும் உருண்டைக் கற்களையும் காண்பீர்கள். அவை பனி வேறெங்கிருந்தோ சுமந்து வந்து, உருகியபோது போட்டுவிட்டுப் போனவை.

இங்கே அரை மணி நேரம் செலவிடத் தயங்காதீர்கள்.

படி 2: தென்கிழக்கு மூலை

கிழக்கு நோக்கி நடந்தால் ஆறாவது அவென்யூ வாயிலில் குதிரைமேல் அமர்ந்த மூன்று இலத்தீன் அமெரிக்க விடுதலை வீரர்கள் நிற்கிறார்கள். பொலிவாரும் சான் மார்ட்டினும் வழக்கமான வெற்றித் தோரணையில் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் கியூபாவின் ஹொசே மார்த்தியின் சிலை வேறு வகை. 1895இல் போர்க்களத்தில் குண்டடிபட்டு, குதிரையிலிருந்து சரியத் தொடங்கும் கணம் அது. செய்தவர் அன்னா ஹையட் ஹன்டிங்டன். பொதுவாகக் குதிரைச் சிலைகள் சொல்லத் தயங்குவதை இது சொல்லிவிடுகிறது.

மூலையில், பூங்காவுக்குச் சற்று வெளியே, பொன்முலாம் பூசிய தளபதி ஷெர்மன் சிலை (1903, அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸ்). குதிரையின் காலடியில் ஒரு பைன் கிளை கிடக்கிறது. உள்நாட்டுப் போரில் அவர் படையோடு கடந்துசென்ற ஜார்ஜியா மாநிலத்தின் குறி அது.

இதையொட்டித்தான் ‘தி பாண்ட்’ என்னும் குளமும், அதன் கரையில் ஹாலெட் இயற்கைக் காப்பிடமும் இருக்கின்றன. 1934இல் மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் மனிதர் காலடி அதிகம் படாமலிருந்த இந்தச் சிறு காட்டில் இப்போது பகல் நேரத்தில் நடக்கலாம். 2018 இலையுதிர் காலத்தில் கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த மாண்டரின் வாத்து ஒன்று எங்கிருந்தோ வந்து இந்தக் குளத்தில் தங்கி, நகரத்தையே கூட்டிவிட்டது.

ஃப்ளாக்கோ என்ற ஆந்தையின் கதையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பூங்காவுக்குள் இருக்கும் விலங்குக்காட்சிச் சாலையில், 2023 பிப்ரவரி 2 அன்று யாரோ கம்பி வலையை வெட்டிவிட, யூரேசியக் கொம்பன் ஆந்தை ஒன்று வெளியேறியது. கூண்டிலேயே வளர்ந்த அது பிழைக்காது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதுவோ எலி பிடிக்கக் கற்றுக்கொண்டு ஓராண்டுக்கு மேல் நகரில் பறந்து திரிந்தது. 2024 பிப்ரவரி 23 அன்று ஒரு கட்டடத்தின் அருகே விழுந்து கிடந்தது. உடலைச் சோதித்தபோது எலிவிஷமும் புறாக்களிடமிருந்து தொற்றிய வைரஸும் இருந்தன. நகரில் வைக்கப்படும் எலிவிஷம் ஆந்தைகளையும் பருந்துகளையும் கொல்கிறது என்பதைப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். ஒரு ஆந்தை செத்த பிறகுதான் பலர் காதில் அது விழுந்தது.

படி 3: மால் நடைபாதையும் பால்டோவும்

66ஆவது தெரு அளவில் ‘தி மால்’ தொடங்குகிறது. இருபுறமும் அமெரிக்க எல்ம் மரங்கள் தலைக்குமேல் கைகோத்து நிற்கும் அகலமான நேர்நடைபாதை. டச்சு எல்ம் நோய் என்னும் பூஞ்சைத் தொற்று வட அமெரிக்காவின் எல்ம் மரங்களைப் பெருவாரியாக அழித்துவிட்ட நிலையில், இவ்வளவு மரங்கள் ஒன்றாக நிற்கும் இடங்கள் மிகச் சில. பட்டைவண்டுகள் மூலம் பரவும் நோய் என்பதால் ஒவ்வொரு கோடையிலும் வாடிய கிளைகளைத் தேடி வெட்டி அகற்றுகிறார்கள். சிலைகளைப் பார்க்க வந்தவர்கள் முதலில் அண்ணாந்து இந்த மரங்களைப் பார்க்க வேண்டும் என்பேன்.

தென்முனையில் எழுத்தாளர்களின் சிலைகள். ஷேக்ஸ்பியர் (1872) ஜான் குவின்சி ஆடம்ஸ் வார்டின் கைவண்ணம். ஸ்காட்டும் பர்ன்ஸும் இருக்கிறார்கள். அவர்களோடு ஃபிட்ஸ் கிரீன் ஹாலெக் என்ற அமெரிக்கக் கவிஞரும் இருக்கிறார். 1877இல் அவர் சிலையைத் திறந்துவைக்க அமெரிக்கக் குடியரசுத் தலைவரே வந்தார். இன்று அவரைப் படிப்பவர் அரிது. வார்டு செய்த இன்னொரு சிலை அருகிலேயே இருக்கிறது: நாயுடன் குனிந்து பதுங்கும் பூர்வகுடி வேட்டைக்காரர் (1869). பாயத் துடிக்கும் நாயை ஒரு கையால் அடக்கும் அந்த இழுபறியை நின்று கவனியுங்கள். ஷேக்ஸ்பியரை விட எனக்கு இதுவே பிடிக்கும்.

சிலையடியில் மேயும் கருநிற ஸ்டார்லிங் பறவைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பாவைச் சேர்ந்த இவற்றை யூஜீன் ஷீஃபலின் என்பவர் 1890இல் இந்தப் பூங்காவில்தான் 60 பறவைகளாகத் திறந்துவிட்டார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் பறவைகளையெல்லாம் அமெரிக்காவுக்குக் கொண்டுவர விரும்பினார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள்; அதற்கு அக்காலச் சான்று ஏதும் இல்லை.

67ஆவது தெருவில், கிழக்குச் சாலையையொட்டி, ஒரு பாறைமேல் பால்டோ நிற்கிறது. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, சறுக்குவண்டி நாய்க்குழுக்கள் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டுபோயின. கடைசிக் கட்டத்தில் வண்டியை இழுத்த குழுவின் முன்னோடி பால்டோ. அதே ஆண்டு டிசம்பரில் சிலை திறக்கப்பட்டபோது அந்த நாயே நேரில் இருந்தது. மிக நீண்ட, மிக ஆபத்தான தொலைவை ஓடியது டோகோ என்ற நாய் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சிலையின் முதுகையும் காதுகளையும் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் ஏறி அமர்ந்து, கரும்பச்சைப் படலம் தேய்ந்து, வெண்கலம் பொன்னாக மின்னுகிறது. மற்ற இடங்களில் அந்தப் படலத்தைக் காக்க, ஊழியர்கள் ஆண்டுதோறும் சிலைகளைக் கழுவி மெழுகு பூசுகிறார்கள்.

மாலின் மேல்பகுதியில் 2020 ஆகஸ்ட் 26 அன்று திறக்கப்பட்ட பெண்ணுரிமை முன்னோடிகள் சிலை இருக்கிறது. சோஜர்னர் ட்ரூத், சூசன் பி. ஆன்டனி, எலிசபெத் கேடி ஸ்டான்டன் மூவரும் ஒரு மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். செய்தவர் மெரிடித் பெர்க்மன். அதற்கு முன் இந்தப் பூங்காவில் தேவதைகளுக்கும் கதைப் பாத்திரங்களுக்கும் பெண்ணுருவம் இருந்தது. உண்மையில் வாழ்ந்த பெண் ஒருவருக்குக்கூடச் சிலை இல்லை. 2018இல் ஐந்தாவது அவென்யூ ஓரமிருந்து அகற்றப்பட்ட ஒரு சிலையையும் இங்கே சொல்ல வேண்டும். அடிமைப் பெண்களை மயக்கமருந்து இல்லாமல் அறுவை செய்து பழகிய ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவருடையது அது. அகற்றியது சரியே என்பது என் கருத்து.

படி 4: பெதஸ்தா நீரூற்று

மால் முடியும் இடத்தில் படிகள் இறங்கினால், நீரூற்றின் மேல் ‘நீர்களின் தேவதை’ சிலை. 1873இல் திறக்கப்பட்ட இதைச் செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ். நியூயார்க் நகரில் இத்தகைய பெரிய பொதுக்கலைப் பணி ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது அதுவே முதல்முறை. தேவதை கையில் அல்லி மலர். கீழே நான்கு குழந்தையுருவங்கள் தன்னடக்கம், தூய்மை, நலம், அமைதி ஆகியவற்றைக் குறிக்கின்றன. தேவதை இறங்கி பெதஸ்தா என்ற குளத்தின் நீருக்குக் குணமாக்கும் சக்தியைத் தந்ததாக யோவான் நற்செய்தி சொல்கிறது. காலராவால் வாடிய நகருக்கு 1842இல் குரோட்டன் கால்வாய் வழியாகச் சுத்தமான நீர் வந்து சேர்ந்ததைக் கொண்டாடவே அந்தக் காட்சி தேர்ந்தெடுக்கப்பட்டது.

எதிரே விரியும் ஏரி, பூங்கா வரும் முன் சதுப்பு நிலமாகக் கிடந்தது. 1858 டிசம்பரிலேயே மக்கள் இதன் உறைபனியில் சறுக்கி விளையாடத் தொடங்கிவிட்டார்கள். பூங்காவின் பிற பகுதிகள் அப்போது வெறும் மண்குவியல்.

இங்கிருந்து கிழக்கே சற்று விலகி, 74ஆவது தெருவில் பொம்மைப் படகுகள் மிதக்கும் குளத்துக்குப் போய்வாருங்கள். கதையில் வரும் ஆலிஸ் காளான்மேல் அமர்ந்திருக்க, முயலும் தொப்பிக்காரரும் அருகில் இருக்கும் வெண்கலச் சிலை (1959, ஹொசே டி கிரீஃப்ட்) குழந்தைகள் ஏறுவதற்கென்றே செய்தது. குளக்கரையில் நின்று ஐந்தாவது அவென்யூவைப் பார்த்தால் 927ஆம் எண் கட்டடம் தெரியும். ‘பேல் மேல்’ என்று பெயர் பெற்ற செவ்வால் பருந்து 1990களில் கூடு கட்டிய கட்டடம் அது. 2004இல் கூட்டை அப்புறப்படுத்தியபோது மக்கள் தெருவில் நின்று போராடி, கூடு அமைய வழிசெய்ய வைத்தார்கள். செவ்வால் பருந்துகளை இன்று பூங்காவின் எந்தப் பகுதியிலும் பார்க்கலாம். அணில்கள் சட்டென உறைந்து நின்றால் மேலே பாருங்கள்.

படி 5: ராம்பிள்

கிழக்குச் சாலை வழியாக வடக்கே ஏறும்போது, 76ஆவது தெரு அளவில் இடப்புறப் பாறைமேல் ஒரு சிறுத்தை பாயப் பதுங்கியிருக்கும். எட்வர்ட் கெமிஸ் 1883இல் செய்த வெண்கல மலைச்சிறுத்தை அது. பீடம் இல்லை, வேலி இல்லை. பாறையும் சிலையும் ஒன்றாகிவிட்டன. மாலையில் ஓடிவருகிறவர்கள் இன்றும் ஒரு நொடி திடுக்கிடுகிறார்கள்.

அந்தப் பாறைக்குப் பின்னால் இருக்கும் காடுதான் ராம்பிள். சுமார் 36 ஏக்கரில் வேண்டுமென்றே குழப்பமாக வளைத்து அமைத்த பாதைகள். வட அமெரிக்காவின் சிறந்த பறவை நோக்கும் இடங்களில் ஒன்று இது. காரணம் எளிது. கிழக்குக் கடற்கரையையொட்டி வலசை போகும் சிறு பறவைகள் இரவில் பறக்கின்றன. விடியும்போது கீழே கட்டடங்களும் தாருமாக நீளும் நகரில், இறங்கி இரை தேட இந்தப் பச்சைச் செவ்வகம் கண்ணில் படுகிறது. காட்டை மனிதர்கள் நட்டார்களா, தானாக வளர்ந்ததா என்பது பறவைக்குப் பொருட்டில்லை. புழுவும் தண்ணீரும் இருந்தால் போதும். பூங்காவில் பதிவான பறவை இனங்கள் 200க்கு மேல்.

வசந்த காலத்தில், இரவு தெற்குக் காற்று வீசியிருந்தால் மறுநாள் காலை 6 மணிக்கே போய்விடுங்கள். இலையுதிர் காலத்தில் வடமேற்குக் காற்று வீசிய இரவுக்கு அடுத்த காலை. கில் ஓடை, அசேலியா குளம், டுபெலோ புல்வெளி ஆகிய மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அலைவதை விட நிற்பதே பலன் தரும்.

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சிவப்புக் கார்டினலும் புளூ ஜேயும். பிறகு மரத்தண்டைக் கவனியுங்கள். பத்துக் கிராம் எடையே உள்ள கறுப்பு வெள்ளை வார்ப்ளர், தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பட்டையோடு ஒட்டி ஊர்ந்து, இடுக்குகளில் அலகை நுழைத்துப் பூச்சி எடுக்கும். உடல் முழுவதும் கோடுகள். நின்றால் பட்டையோடு கலந்துவிடும், நகர்ந்தால்தான் தெரியும். உயரமான ஓக் மரத்தின் உச்சியில் தீச்சுடர் நிறத் தொண்டையுடன் ஒன்று பளிச்சிட்டால் அது பிளாக்பர்னியன் வார்ப்ளர். தரையில் சருகைப் புரட்டும் ஓசை கேட்டால் வெண்தொண்டைச் சிட்டாக இருக்கலாம்.

அந்தச் சருகிலும் ஓர் அதிசயம் உண்டு. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமும் 41 இணைக் கால்களும் கொண்ட ஒரு குட்டிப் பூரான் இந்தப் பூங்காவின் மக்கிய இலைகளில் கண்டெடுக்கப்பட்டு, 2002இல் அறிவியலுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது.

சில கட்டுப்பாடுகளை மனமாரப் பின்பற்றுங்கள். செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். களைத்து இறங்கிய பறவையின் சக்தியை அது வீணாக்கும். ஆந்தை உறங்கும் மரத்தை இணையத்தில் அறிவிக்காதீர்கள். எந்த விலங்குக்கும் தீனி போடக் கூடாது, அது விதிமீறல். முதுகில் கோடில்லாத சாம்பல் அணில்கள் (2018 கணக்கெடுப்பின் மதிப்பீடு 2,373) காலருகே வந்து கேட்கும், கொடுக்காதீர்கள். அந்தி வேளையில் வெளிவரும் ரக்கூன்களிடமிருந்து விலகியே நில்லுங்கள். 2009, 2010இல் இவற்றிடையே வெறிநோய் பரவியிருக்கிறது.

படி 6: கோட்டை, ஆமைகள், ஒரு எகிப்தியத் தூண்

ராம்பிளின் வடமுனையில் விஸ்டா பாறைமேல் பெல்வெடேர் கோட்டை. சென்ட்ரல் பார்க் வெப்பநிலை என்று செய்திகளில் வருவது இங்குள்ள கருவிகளின் அளவுதான். கீழே ஆமைக் குளம். வெயில் காயும் ஆமைகளில் காதோரம் சிவப்புக் கோடுள்ளவை பெரும்பாலும் வீட்டில் வளர்த்துச் சலித்தவர்கள் கொண்டுவந்து விட்டவை.

குளக்கரையில் இரு வாள்களைக் குறுக்காகத் தூக்கிப் பிடித்த போலந்து மன்னர் யாகியெல்லோவின் சிலை. 1939 உலகக் கண்காட்சிக்காக வந்தது. போர் மூண்டதால் நாடு திரும்பவில்லை.

மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தின் பின்புறம் எகிப்திய ஒற்றைக்கல் தூண் நிற்கிறது. மூன்றாம் துட்மோசிஸ் காலத்தில், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன், ஹீலியோபோலிஸ் நகருக்காகச் செதுக்கியது. சுமார் 21 மீட்டர் உயரம், 200 டன் எடை. 1881 ஜனவரியில் இங்கே நிறுத்தினார்கள். நான்கு முகங்களையும் சுற்றிவந்து ஒப்பிடுங்கள். சில பக்கங்களில் எழுத்துகள் கூராக இருக்க, சில பக்கங்களில் மழுங்கிப்போயிருக்கின்றன.

நேரமிருந்தால் மேற்கே, 83ஆவது தெருவையொட்டிய சம்மிட் பாறைக்குப் போங்கள். பூங்காவின் மிக உயரமான இயற்கை மேடு இது, சுமார் 43 மீட்டர். அதையடுத்து 82 முதல் 89ஆவது தெரு வரை செனிகா வில்லேஜ் இருந்தது. 1825இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் சொந்தமாக நிலம் வாங்கி உருவாக்கிய ஊர்; வீடுகள், தேவாலயங்கள், பள்ளி எல்லாம் இருந்தன. பூங்காவுக்காக 1857இல் அவர்களை வெளியேற்றி ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். அறிவிப்புப் பலகைகளை நின்று படியுங்கள்.

படி 7: நீர்த்தேக்கம்

106 ஏக்கர் நீர்ப்பரப்பு, சுற்றி 2.5 கிலோமீட்டர் பாதை. 1993 முதல் குடிநீருக்குப் பயன்படுவதில்லை. கோடையில் விரைவாகக் கடந்துவிடலாம். குளிர்காலத்தில் மட்டும் நில்லுங்கள்: தட்டைவாயன் வாத்துகள் கூட்டமாக வட்டமிட்டு நீந்தி, அந்தச் சுழலில் மேலெழும் நுண்ணுயிர்களை அலகால் வடித்துத் தின்னும்.

படி 8: வடக்குக் காடு

மேற்குப் பக்கம் 100ஆவது தெரு தாண்டி ‘தி பூல்’ என்னும் குளத்தில் தொடங்கி, ஓடையோடு கிழக்கே இறங்குங்கள். முன்பு இங்கே ஓர் இயற்கையான ஓடை ஓடியது; அதை மறித்து, சிறு அருவிகளாக இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். விழுந்த மரங்களை அகற்றாமல் விட்டிருப்பதால் மரங்கொத்திகள் மிகுதி. நகரின் இரைச்சல் பெரிதும் அடங்கிவிடும் பகுதி இதுதான். ஹடில்ஸ்டோன் வளைவின் அடியில் நின்று மேலே பாருங்கள்: மாபெரும் பாறைகளைச் சாந்து எதுவும் இல்லாமல், ஒன்றின் எடையை மற்றொன்று தாங்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். வடமேற்கில் 1814ஆம் ஆண்டின் சிறு காவற்கோட்டை இருக்கிறது. தனியாக வருகிறவர்கள் இந்தக் காட்டைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

வளைவைக் கடந்தால் ஹார்லெம் மீர் ஏரி. தென்கிழக்கே, 105ஆவது தெருவில், கன்சர்வேட்டரி தோட்டம். மூன்று நங்கையர் கைகோத்து ஆடும் நீரூற்று அதன் வட பகுதியில் இருக்கிறது. வடகிழக்கு மூலையில், தூண்களின் மேல் பியானோவருகே நிற்கும் டியூக் எலிங்டன் (1997). 110ஆவது தெரு நிலையத்திலிருந்து 2, 3 ரயில்கள் தெற்கே திரும்பும்.

நேரம் குறைவாக இருந்தால்

இரண்டு மணி நேரம்தான் என்றால் அம்பயர் பாறை, பால்டோ, பெதஸ்தா, சிறுத்தை, ராம்பிள் என்ற வரிசையில் நடந்து 79ஆவது தெருவில் முடித்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் பால்டோவையும் ஆலிஸையும் ஆமைக் குளத்தையும் சேர்த்தால் போதும். தென்பகுதியை முன்பே பார்த்தவர்கள் 103ஆவது தெரு நிலையத்தில் இறங்கி நேரே வடக்குக் காட்டிலிருந்து தொடங்கலாம். மே மாதக் காலை வாய்த்தவர்கள் சிலைகளைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு, ஆறு மணிக்கே ராம்பிளில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பறவைகளின் சுறுசுறுப்பு குறைந்துவிடும்.